பொத்தான்களுக்குப் பின்னால் இருந்த அறைகள்

எங்கள் ஆச்சி பாடிய தாலாட்டுகளையும் சில கும்மிப் பாட்டுகளையும் 1988-இல் மாமா ஒரு கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். வீட்டின் பட்டாசலில் டேப் ரெக்கார்டரைத் தரையில் வைத்து, ஆச்சியை எதிரே உட்காரவைத்து எடுத்த பதிவு. அந்த வீடு இப்போது இல்லை, ஆச்சியும் இல்லை. கேசட்டை ஒருவழியாகக் கணினிக்குள் ஏற்றியபிறகு அதன் இரைச்சலைக் கொஞ்சம் குறைத்து உறவினர்களுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அதற்காக ஓர் இசைத்தயாரிப்பு மென்பொருளை நிறுவினேன். நான் ஒலிப்பொறியாளன் அல்ல. இசை கேட்பவன், அவ்வளவுதான்.

மென்பொருளைத் திறந்ததும் அறுபது எழுபது பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல் விழுந்தது. ப்ளக்-இன்கள். செருகுநிரல் என்று கணித்தமிழ் நண்பர்கள் அழகாகச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. ஒன்றில் சாம்பல் நிற இரும்புத் தகடும் நான்கு மூலைகளில் திருகாணிகளும் வரையப்பட்டிருந்தன. இன்னொன்றில் மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு முள் ஆடிக்கொண்டிருந்தது. வேறொன்றில் தேய்ந்துபோன நீலப் பெயிண்ட்கூட அப்படியே இருந்தது. கணினித்திரையில் திருகாணி எதற்கு? எதையும் தாங்கிப் பிடிக்காத திருகாணி!

உதவிக் கையேட்டைப் படித்தேன். வாசலளவு, விகிதம், பிடிக்கும் நேரம், விடும் நேரம் என்று ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு வரி விளக்கம் இருந்தது. அகராதியை முதல் பக்கத்திலிருந்து படித்து ஒரு மொழியைக் கற்றுக்கொள்ள முயல்வதைப் போலிருந்தது அது. கடைசியில் கைகொடுத்தது வேறொரு பழக்கம். ஒரு சொல் பிடிபடாதபோது அது எங்கிருந்து வந்தது என்று தேடிப்போவேன். அதையே இந்தப் பெட்டிகளுக்கும் செய்து பார்த்தேன். அவற்றில் ஏறக்குறைய ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு குறிப்பிட்ட நோய்க்குக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்து என்று தெரிந்தது. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டால் மருந்து தானாகவே புரிந்துவிடுகிறது.

ஈக்வலைசரை எடுத்துக்கொள்வோம். பழைய ஸ்டீரியோக்களில் ஒரு வரிசையாக நிற்குமே, அந்தத் தள்ளுகட்டைகள். நம்மில் பலர் அவற்றைச் சிரித்த வாய் வடிவத்தில் அமைத்து வைத்துவிட்டு அதுதான் நல்ல ஒலி என்று நம்பியிருக்கிறோம். சமப்படுத்தி என்பதுதான் பெயரின் நேர்ப்பொருள். எதை எதோடு சமப்படுத்துகிறது? விடை தொலைபேசிக் கம்பியில் இருக்கிறது. நீண்ட கம்பியில் பயணம் செய்யும் குரல் தன் உயர் அதிர்வெண்களை வழியிலேயே இழந்துவிடும். ஸகரமும் ஷகரமும் மங்கிப்போகும். மறுமுனையில் இழந்த அளவுக்கு அவற்றைத் தூக்கிக்கொடுத்து, பேசியவரின் குரலும் கேட்பவரின் காதில் விழும் குரலும் சமமாகும்படி செய்ய ஒரு மின்சுற்று தேவைப்பட்டது. அதுதான் சமப்படுத்தி. கெட்டதைச் சரிசெய்ய வந்த கருவி.

சரிசெய்ய வந்தவர் வீட்டை மாற்றிக்கட்டத் தொடங்கியது பின்னால் நடந்தது. 1951-இல் நியூ ஜெர்சியில் யூஜின் ஷெங்க், ஆலி சம்மர்லேண்ட் என்ற இருவர் நடத்திய பல்ஸ் டெக்னிக்ஸ் என்ற சிறு நிறுவனம் பல்டெக் என்ற ஈக்வலைசரைக் கொண்டுவந்தது. அதில் தாழ்ந்த அதிர்வெண்களைக் கூட்ட ஒரு குமிழ், குறைக்க இன்னொரு குமிழ். இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பவேண்டாம் என்று அதன் கையேடு அறிவுரை சொன்னது. ஒலிப்பதிவாளர்கள் உடனே இரண்டையும் திருப்பினார்கள். கூட்டலும் குறைத்தலும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழாததால், பாஸ் ஒலி தடிமனாகவும் அதற்குச் சற்றே மேலே உள்ள மந்தமான பகுதி வழித்தெடுத்தது போலவும் ஆயிற்று. இன்றைக்கும் பல்டெக் தந்திரம் என்றே அதற்குப் பெயர். என் மென்பொருளில் இருந்த அந்த நீலப் பெட்டி பல்டெக்கின் நகல்தான். விரும்பிய அதிர்வெண்ணை விரும்பிய அகலத்தில் பிடிக்க உதவும் இன்றைய ஈக்வலைசரின் இலக்கணத்தை ஜார்ஜ் மாஸன்பர்க் 1972-இல் ஒரு கட்டுரையில் வகுத்தார். ஆச்சியின் கேசட்டில் மின்சாரத்தின் ஹூங்காரம் 50 ஹெர்ட்ஸிலும் 100 ஹெர்ட்ஸிலும் உட்கார்ந்திருந்தது. அவ்விரு இடங்களிலும் ஊசிமுனையளவு வெட்டியபோது ஹூங்காரம் போயிற்று. ஆச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முதலில் புரிந்த ப்ளக்-இன் இதுதான்.

கம்ப்ரஸர் அப்படி எளிதில் பிடிபடவில்லை. ஈக்வலைசர் செய்வது காதுக்குத் தெரியும். கம்ப்ரஸர் நன்றாக வேலை செய்யும்போது அது இருப்பதே தெரியாது. அதன் வேலையை முதலில் செய்துகொண்டிருந்தது மனிதக் கைதான். வானொலியின் ஆரம்பகாலத்தில், ஓர் இசைக்குழுவின் நிகழ்ச்சியை ஒலிபரப்பும்போது, பொறியாளர் இசைக்குறிப்பைப் பார்த்துக்கொண்டே குமிழில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். முழக்கம் வரப்போகிறது என்று தெரிந்ததும் மெல்லக் குறைப்பார். மெல்லிய பகுதி வந்ததும் உயர்த்துவார். கை தாமதித்தால் ஒலிபரப்புக் கருவி தாங்காமல் ஒலி சிதறும். இந்தக் கையின் வேலையைத் தானாகவே செய்ய 1937-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் ஒரு பெருக்கியை வெளியிட்டது. இசைத்தட்டு வெட்டுபவர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. ஒலி பெரிதானால் வெட்டும் ஊசி அதிகமாக ஆடி அடுத்த வரிப்பள்ளத்துக்குள் புகுந்துவிடும். அப்புறம் வீட்டில் தட்டு ஓடும்போது முள் தாவும். எஸ்டோனியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ரைன் நார்மா வடிவமைத்த ஃபேர்சைல்ட் லிமிட்டர் 1950-களின் இறுதியில் இந்தத் தொல்லைக்குத்தான் வந்தது. அதன் ஸ்டீரியோ வடிவத்தில் 20 வால்வுகள். எடை ஏறக்குறைய 30 கிலோ. லண்டனின் ஆபி ரோடு நிலையம் வாங்கிய ஃபேர்சைல்டுகள் பீட்டில்ஸின் பதிவுகளில் புகுந்து புறப்பட்டன.

கையேட்டின் நான்கு சொற்களையும் இப்போது அந்தக் கையை வைத்தே புரிந்துகொள்ளலாம். எந்த உரப்பில் கை அசையத் தொடங்கும் என்பது வாசலளவு. எவ்வளவு அழுத்தும் என்பது விகிதம். நான்குக்கு ஒன்று என்றால், வாசலை 8 டெசிபல் தாண்டி வந்த ஒலி 2 டெசிபல் மட்டுமே தாண்டியதாக வெளியேறும். எவ்வளவு விரைவாகக் கை பாயும், எவ்வளவு மெதுவாக விலகும் என்பவை மற்ற இரண்டும். உண்மையில் ஒரு கம்ப்ரஸரின் குணம் முழுவதும் கடைசி இரண்டில்தான் இருக்கிறது. மனிதர்களையும் அவர்கள் எவ்வளவு சீக்கிரம் கோபிக்கிறார்கள், எவ்வளவு நேரம் கோபத்தை வைத்துக்கொள்கிறார்கள் என்பதைக்கொண்டுதானே அறிகிறோம்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது, 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஜிம் லாரன்ஸ் உருவாக்கிய எல்ஏ-2ஏ. லாரன்ஸ் அதற்கு முன் டைட்டன் ஏவுகணைத் திட்டத்தில் ஒளியுணரிகளோடு பழகியவர். அந்தப் பழக்கத்தை இசைக்குக் கொண்டுவந்தார். எல்ஏ-2ஏவின் உள்ளே, இருட்டான ஒரு சின்னக் கூட்டில், மின்சாரம் பட்டால் ஒளிரும் தகடு ஒன்றும் அதன் எதிரே ஒளிபட்டால் மின்தடை குறையும் உணரி ஒன்றும் இருக்கின்றன. பாடகர் குரலை உயர்த்தினால் தகடு ஒளிரும்; உணரி அதைப் பார்த்து ஒலியைத் தணிக்கும். அவ்வளவுதான் இயந்திரம். ஆனால் அந்த உணரி ஒளியை உடனே மறப்பதில்லை. தணித்ததில் பாதியை நொடியில் பதினாறில் ஒரு பங்கு நேரத்துக்குள் விட்டுவிடும். மீதிப் பாதியை விடுவதற்கு ஒரு நொடியும் ஆகலாம், பதினைந்து நொடியும் ஆகலாம். எவ்வளவு நேரம் எவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்தது என்பதைப் பொறுத்தது. வடிவமைப்பாளர் விரும்பி வைத்த நுட்பமல்ல, அந்தப் பொருளின் இயல்பு. மனிதக் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இன்று ப்ளக்-இன் எழுதுபவர்கள் இந்த மறதியைத்தான் சமன்பாடுகளால் நகலெடுக்கப் பாடுபடுகிறார்கள்.

இந்தக் கதைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. ஒரே சமயத்தில் கேட்டால், சற்றே உரத்த பதிவு சற்றே மெல்லிய பதிவைவிட நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும். வானொலியில் அடுத்தவன் பாட்டைவிட என் பாட்டு உரத்திருக்கவேண்டும் என்ற போட்டி இசைத்தட்டுக் காலத்திலேயே இருந்தது. ஆனால் ஊசி ஓர் எல்லை வைத்திருந்தது. குறுந்தட்டில் ஊசி இல்லை. 1994-இல் வேவ்ஸ் நிறுவனம், வரப்போகும் ஒலியைச் சற்று முன்னாலேயே பார்த்து அழுத்தும் எல்1 என்ற ப்ளக்-இன்னை வெளியிட்டபின் எல்லோருடைய கையிலும் ஒரு சம்மட்டி வந்துவிட்டது. மெட்டாலிக்காவின் 2008-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பு நசுங்கி வந்தபோது, அதே பாடல்கள் ஒரு வீடியோ விளையாட்டுக்காகக் கொடுக்கப்பட்ட வடிவில் உயிரோடு இருப்பதை ரசிகர்களே கண்டுபிடித்து மனுப்போட்டார்கள். ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் 2010-இல் சராசரி உரப்புக்கு ஒரு தரநிலை வகுத்தது. பிறகு இணையவழி இசைச் சேவைகள் எல்லாப் பாட்டையும் தாமே ஒரே உரப்புக்குக் கொண்டுவரத் தொடங்கின. போட்டிக்குப் பெரும்பாலும் பொருளில்லாமல் போயிற்று. இடைப்பட்ட பதினைந்து இருபது ஆண்டுகளில் வந்த நல்ல பாடல்கள் பல நசுங்கியது நசுங்கியதுதான்.

இனி ரிவர்ப். எதிர்முழக்கம் என்று நம் பள்ளிப் புத்தகங்கள் சொல்லும். எதிரொலி ஒரு மலையிடம் கேட்டு வாங்கும் ஒற்றைப் பதில். எதிர்முழக்கம் ஓர் அறையின் ஆயிரம் பதில்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, தனித்தனியாகப் பிரிக்கமுடியாமல், குரலுக்குப் பின்னே வால்போல் நீண்டு தேய்வது.

அந்த வாலை முதலில் அளந்தவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் இளம் ஆசிரியர் வாலஸ் சாபின். 1895-இல் அங்கே புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் ஒன்றும் விளங்கவில்லை. ஒரு சொல் ஐந்தரை நொடி மிதந்துகொண்டிருந்தது. அதற்குள் பேசுபவர் பத்துப் பதினைந்து சொற்களைச் சொல்லிவிடுவார். சாபினைச் சரிசெய்யச் சொன்னார்கள். அவர் ஓர் ஆர்கன் குழாயையும் நேரமானியையும் எடுத்துக்கொண்டு, ஊரடங்கிய பிறகு நள்ளிரவில் வேலையைத் தொடங்கினார். பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை உதவியாளர்களோடு சுமந்துவந்து ஒவ்வொன்றாக மண்டபத்தில் வைப்பார். குழாயை ஊதி நிறுத்துவார். ஒலி தேய்ந்து மறையும் நேரத்தைக் காதாலேயே அளப்பார். விடிவதற்குள் எல்லா மெத்தைகளும் திரும்ப அரங்கத்துக்குப் போய்விடவேண்டும். இப்படி இரவுகள் பல கழிந்தபின், ஓர் அறையின் கொள்ளளவும் அதிலுள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் அளவும் தெரிந்தால் அதன் எதிர்முழக்க நேரத்தைச் சொல்லிவிடலாம் என்ற சூத்திரம் கிடைத்தது. 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பனி ஹால் அந்தச் சூத்திரத்தின் துணையோடு கட்டப்பட்டது. ப்ளக்-இன்னில் இத்தனை நொடி என்று காட்டும் அந்த ஒரு எண்ணுக்குப் பின்னால் மெத்தை சுமந்த இந்த ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஒலிப்பதிவுக்கூடம் எதிர்முழக்கத்தைத் துரத்திய இடம். சுவர்களில் மெத்தென்ற பொருள்களை ஒட்டி, குரலை உலர்ந்த நிலையில் பிடிப்பார்கள். உலர்ந்த குரல் காதுக்குள் வந்து பேசுவதுபோல் இருக்கும். எந்த இடத்திலும் இல்லாத குரல். ஆகவே விரட்டிய அறையை வேறு வழியாக மீண்டும் அழைக்கவேண்டியதாயிற்று. வானொலி நாடகக்காரர்கள் இதற்கென்றே வெற்று அறைகளை வைத்திருந்தார்கள். இசையில் இதைத் துணிந்து செய்தவராகச் சொல்லப்படுபவர் சிகாகோவின் பில் புட்னம். 1947-இல் ஹார்மோனிகாட்ஸ் என்ற மௌத்ஆர்கன் குழுவினரின் பாட்டொன்றைப் பதிவு செய்யும்போது, ஒலியை ஓர் ஒலிபெருக்கி வழியாகக் கட்டடத்தின் குளியலறைக்குள் அனுப்பி, ஓடு பதித்த சுவர்களில் மோதித் திரும்புவதை ஒரு மைக்கால் பிடித்துப் பதிவில் கலந்தார். பாட்டு பெரும் வெற்றி பெற்றது. குளிக்கும்போது எல்லோரும் பாடகர்கள் ஆகிவிடுகிறோமே, அதற்கான காரணத்தைத்தான் புட்னம் விலைக்கு விற்றார் என்று சொல்லலாம்.

குளியலறைகள் பிறகு பிரத்தியேக எதிரொலி அறைகளாயின. ஹாலிவுட்டில் 1956-இல் திறக்கப்பட்ட கேப்பிட்டல் கோபுரத்தின் அடியில், சுமார் 30 அடி ஆழத்தில், கான்கிரீட்டால் கட்டி வைத்திருக்கிறார்கள். இணையான சுவர்கள் இல்லாத, யாரும் வசிக்காத, ஒரு ஒலிபெருக்கியும் சில மைக்குகளும் மட்டும் குடியிருக்கும் அறைகள். எல்லோராலும் நிலத்தடியில் அறை கட்டமுடியாதே. ஜெர்மனியில் 1957-இல் அறைக்குப் பதிலாக ஓர் உருக்குத் தகடு வந்தது. வால்டர் கூல் உருவாக்கிய ஈஎம்டி 140. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை மில்லிமீட்டர் கனம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய தகட்டின் நடுவே ஒலியைக் கொடுத்து அதிரவைத்து, வேறோர் இடத்தில் அந்த அதிர்வைப் பிடிப்பார்கள். பெட்டியோடு சேர்த்து ஏறத்தாழ 270 கிலோ. இதை எடை குறைந்த மாற்று என்று சொன்னார்கள். ஓர் அறையோடு ஒப்பிட்டால் உண்மைதான். ‘ப்ளேட்’ என்ற பெயரில் எந்த மென்பொருளிலும் ஒரு ரிவர்ப் இருக்கும். வெறும் தகடு, உலகில் எந்த இடத்தைப் போலவும் ஒலிக்காது. ஆனால் 1960-களின் பாடல்களில் அதைக் கேட்டுக் கேட்டு, பாட்டு என்றால் இப்படித்தான் என்று காது பழகிவிட்டது. மூலமே நகலாக இருக்கும்போது அதன் நகலை என்னவென்று அழைப்பது?

அடுத்த படியாக அறையும் தகடும் இரண்டும் வேண்டாம், எண்கள் போதும் என்றார் பெல் ஆய்வகத்தின் மன்ஃப்ரெட் ஷ்ரோடர். 1961-இல் அவரும் உடன் உழைத்தவர்களும் காட்டிய வழி இது: ஒலியைச் சற்றுத் தாமதித்துத் தன்மேலேயே கலந்து, அதை மீண்டும் வேறோர் அளவு தாமதித்துக் கலந்து, இப்படிச் சில சுழல்களைச் சேர்த்துவிட்டால் காது அதை அறை என்று ஏற்றுக்கொள்ளும். கணினிகள் போதிய வேகம் பெறும்வரை இந்த யோசனை காத்திருந்தது. 1976-இல் பேரி பிளெசரின் பங்களிப்போடு ஈஎம்டி 250 என்ற முதல் எண்முறை ரிவர்ப் கருவி விற்பனைக்கு வந்தது. மேலே நெம்புகோல்கள் முளைத்த அறைச்சூடேற்றி போலிருக்கும். இரண்டு ஆண்டுகளில் லெக்ஸிகன் 224 வந்தது.

தாமதம் என்று சொன்னேன். டிலே என்ற தனி ப்ளக்-இன் ஒலிநாடாக் கருவியின் உடலமைப்பிலிருந்து பிறந்தது. பதியும் தலைக்கும் படிக்கும் தலைக்கும் நடுவே ஓரிரு அங்குலம் இடைவெளி உண்டு. நாடா அதைக் கடக்கும் நேரமே தாமதம். லெஸ் பால் அதை வைத்து விளையாடினார். மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸ் 1950-களில் அதையே தன் முத்திரையாக்கினார். இதைவிட விசித்திரம், தவறிப் பிறந்தவை. லண்டனின் டவுன்ஹவுஸ் நிலையத்தில் பீட்டர் கேப்ரியலின் 1980-ஆம் ஆண்டுத் தொகுப்புக்காக ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். கலைஞர்கள் பேசுவது பொறியாளர் அறைக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக மட்டும் கூரையிலிருந்து ஒரு மைக் தொங்கியது. யார் எவ்வளவு தள்ளி நின்று பேசினாலும் கேட்கும்படி அதில் மிகக் கடுமையான கம்ப்ரஸர் இருந்தது. வாசிப்பின் நடுவே பொறியாளர் ஹியூ பட்கம் அந்த மைக்கைத் திறந்திருக்க, டிரம்ஸின் ஒலி மதில்போல் எழுந்து, அடுத்த கணம் கத்தியால் அறுத்ததுபோல் நின்றது. அந்தப் பத்தாண்டின் டிரம்ஸ் முழுவதும் அப்படியே ஒலித்தது. தற்செயலுக்கும் இன்று ஒரு ப்ளக்-இன் உண்டு.

ஆட்டோ-ட்யூன் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் விடமாட்டார்கள். ஆண்டி ஹில்டிபிராண்ட் புல்லாங்குழல் வாசிப்பவர். தொழிலால் நிலத்தடி எண்ணெய் தேடுபவர்களுக்கான கணக்குகள் போட்டவர். பூமிக்குள் ஓர் அதிர்வை அனுப்பி, அது பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்து, அந்தக் குழப்பத்துக்குள் தன்னைத்தானே ஒத்திருக்கும் பகுதிகளைத் தேடினால் அடியில் இருப்பதன் படம் கிடைக்கும். குரலும் ஒரு நொடிக்குப் பல நூறு முறை தன்னைத்தானே ஒத்துக்கொள்ளும் அலைதான்; எத்தனை முறை என்பது சுருதி. விருந்தொன்றில் நண்பரின் மனைவி, நான் சுருதியோடு பாடும்படி ஒரு பெட்டி செய்து கொடுங்களேன் என்று விளையாட்டாகக் கேட்டாராம். 1997-இல் பெட்டி வந்தது. சுருதி விலகிய குரலை எவ்வளவு மெதுவாகச் சரியான சுரத்துக்கு இழுத்துவரலாம் என்பதற்கு அதில் ஓர் அளவு உண்டு. மெதுவாக இழுத்தால் யாருக்கும் தெரியாது. 1998-இல் ஷேரின் ‘பிலீவ்’ பாடலைத் தயாரித்தவர்கள் அதைச் சுழியத்துக்குத் தள்ளினார்கள். குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குச் சறுக்காமல் படிக்கட்டில் குதித்தது. எப்படிச் செய்தீர்கள் என்று கேட்ட இதழொன்றுக்கு, வேறு கருவியின் பெயரைச் சொல்லி ரகசியத்தைக் காப்பாற்றினார்கள்.

இது ஏமாற்று என்ற குற்றச்சாட்டு பழையது. குளியலறையும் ஏமாற்றுதான் என்பதால் எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. என் மனத்தாங்கல் வேறு. சுரம் என்பது ஒரு புள்ளி, குரல் அந்தப் புள்ளியில் நிற்கவேண்டும் என்ற நம்பிக்கை அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. நம் செவிக்குச் சுரம் என்பது பல சமயம் ஒரு நடமாட்டம். ஆவலை அடக்கமுடியாமல் ஆச்சியின் தாலாட்டுக்கு அதைப் போட்டுப் பார்த்தேன். அவள் இழுத்து, நடுங்கி, சற்றே கீழே விழுந்து எழுந்த இடமெல்லாம் தவறு என்று அடையாளம் கண்டு, ஒவ்வொன்றையும் திருத்திக் கொடுத்தது. கேட்டுவிட்டு உடனே அழித்துவிட்டேன்.

இவையெல்லாம் பணக்காரப் பெட்டிகளாக இருந்த காலம் 1990-களில் முடிந்தது. 1992-இல் வேவ்ஸின் ஈக்வலைசர் ஒரு மென்பொருளுக்குள் செருகும் துண்டாக விற்பனைக்கு வந்தது. 1996-இல் ஹாம்பர்க்கின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் விஎஸ்டி என்ற இணைப்பு முறையைத் தன் க்யூபேஸ் மென்பொருளோடு கொண்டுவந்து, யார் வேண்டுமானாலும் அதற்கு ப்ளக்-இன் எழுதலாம் என்று இலக்கணத்தைப் பொதுவில் வைத்தது. மாணவர்கள் எழுதினார்கள், இலவசமாகப் பகிர்ந்தார்கள். பில் புட்னமின் மகன்கள் 1999-இல் தந்தையின் நிறுவனப் பெயரை உயிர்ப்பித்து, அவர் 1967-இல் வடிவமைத்த 1176 என்ற கம்ப்ரஸரைப் பெட்டியாகவும் மென்பொருளாகவும் செய்து விற்றார்கள். திரையில் வரைந்த திருகாணிகளுக்கு இப்போது எனக்கு விடை கிடைத்தது. படத்தில் மாட்டிய மாலையைப் போன்றவை அவை.

இதில் கடைசியாக வந்தது கன்வல்யூஷன் ரிவர்ப். ஷ்ரோடரின் வழி அறையைப் போலச் செய்வது. இது குறிப்பிட்ட ஓர் அறையை அப்படியே எடுத்துவருவது. ஒரு மண்டபத்தில் மிகச் சுருக்கமான ஓர் ஒலியை எழுப்பி, ஒரு பலூனை உடைத்து அல்லது கையை ஓங்கித் தட்டி, அது தேய்ந்து மறையும்வரை பதிவு செய்தால், அந்த மண்டபம் ஒலியை என்ன செய்கிறது என்பது முழுவதும் அந்தப் பதிவில் இருக்கிறது. எந்தக் குரலும் அடுத்தடுத்து வரும் நுண்ணிய தட்டல்களின் வரிசைதான். ஒவ்வொரு தட்டலுக்கும் அந்தப் பதிலின் ஒரு பிரதியை, அதனதன் அளவுக்குப் பெருக்கி, வைத்துக் கூட்டிவிட்டால் குரல் அந்த மண்டபத்தில் ஒலிக்கும். கணக்கு பழையது, அதைப் பாட்டின் வேகத்தோடு செய்யும் சோனியின் கருவி 1999-இலும் ஆல்டிவெர்ப் என்ற ப்ளக்-இன் 2001-இலும் வந்தன.

வெனிஸ் நகரின் லா ஃபெனிச்சே நாடக அரங்கம் 1996 ஜனவரி 29 இரவு எரிந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் லம்பெர்த்தோ ட்ரோங்கின், ஆஞ்செலோ ஃபரீனா என்ற இரு ஒலியியல் அறிஞர்கள் அரங்கின் பல இருக்கைகளில் இப்படிப்பட்ட பதிவுகளை எடுத்திருந்தார்கள். மரமும் சாந்தும் சாம்பலான பிறகும் அது எப்படி ஒலித்தது என்பது தப்பித்தது. 2003-இல் அரங்கம் மீண்டும் திறக்கப்பட்டது. பாரிஸின் நோத்ர்-தாம் தேவாலயத்தையும் 2013-இல் அளந்து வைத்திருந்தார்கள், 2019-இல் தீப்பிடிப்பதற்கு முன்.

இஸ்தான்புல்லின் ஹேகியா சோஃபியாவின் கதை வேறு. 537-இல் கட்டி முடித்த அந்தக் குவிமாடத்தின் கீழே ஒலி பத்துப் பதினோரு நொடிகள் தங்கும். அருங்காட்சியகமாக இருந்த பல பத்தாண்டுகளில் அங்கே பாட அனுமதி இல்லை. பைசாந்தியக் கலையை ஆய்ந்த பிஸேரா பென்செவா 2010-இல் அங்கே சில பலூன்களை மட்டும் உடைக்க அனுமதி பெற்றார். ஸ்டான்ஃபோர்டின் ஜானதன் ஏபலும் குழுவினரும் அந்தச் சில வெடிப்புகளிலிருந்து கட்டடத்தைப் பிரித்தெடுத்தார்கள். கப்பெல்லா ரொமானா என்ற பாடகர் குழு கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு, அந்தக் குவிமாடத்தின் பதில் தங்கள் காதில் விழும்படி அமைத்துக்கொண்டு, அங்கே ஒருகாலத்தில் ஒலித்த பாடல்களைப் பாடியது. அவர்கள் சொன்னதில் ஒன்று கவனிக்கத்தக்கது: குவிமாடம் காதில் விழத் தொடங்கியதும் பாடும் வேகம் தானாகக் குறைந்தது. இசைத்தொகுப்பு 2019-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அந்தக் கட்டடம் மீண்டும் மசூதி ஆனது.

ஆச்சியின் கேசட்டில் இரைச்சல் நீக்கும் ப்ளக்-இன்னை முழு வேகத்தில் ஓட்டியபோது அவள் குரல் மிகத் தெளிவாக வந்தது. ஆனால் அவள் எங்கேயும் இல்லாமல் பாடினாள். இரைச்சலோடு இரைச்சலாகப் பட்டாசலும் போய்விட்டிருந்தது. பழைய கோப்பைத் திறந்து முதலிலிருந்து கேட்டேன். இரண்டாவது தாலாட்டு முடிந்ததும், முற்றத்தில் காயப்போட்ட வடகத்தில் காக்கை வந்து உட்கார்ந்திருக்கவேண்டும். ஆச்சி "ச்சூ" என்று சொல்லிவிட்டுக் கையை ஓங்கி ஒருமுறை தட்டுகிறாள். பிறகு ஒரு நொடி யாரும் பேசவில்லை.

அந்த ஒரு நொடியை வெட்டி எடுத்து ரிவர்ப்பில் ஏற்றினேன். நல்ல பதிவென்று சொல்லமுடியாது. நாடாவின் இரைச்சலும் சேர்ந்துதான் வந்தது, மலிவான மைக்கின் கரகரப்பும் இருந்தது. கணினியின் முன் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். வலப்பக்கம் சுவர், எதிரே முற்றம், மேலே ஓடு.